ஒரு எக்செல் புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு: பைத்தானில் தரவை நகலெடுக்கும் முறை

மிளகின் எச்எஸ்என் குறியீடு, அதாவது பில்லில் பொருளின் வகையைக் குறிக்கும் எண், 0904. கிளை அலுவலகம் அனுப்பிய எக்செல் ஷீட்டில் அது 0904 என்றே தெரிகிறது. பைத்தான் ஸ்கிரிப்ட் அதைத் தலைமை அலுவலகத்தின் ஒர்க்புக்கில் கொண்டுபோய் வைத்த பிறகு பார்த்தால் 904 என்று நிற்கிறது. ஸ்கிரிப்டில் பிழை இல்லை. அந்த செல்லில் முதலிலிருந்தே இருந்தது 904 என்ற எண்தான். முன்னால் நின்ற சுழியத்தைத் திரையில் காட்டியது '0000' என்ற எண் வடிவம். எண் வந்து சேர்ந்தது, வடிவம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதன் பெயரின் கடைசியில் உள்ள நீட்சியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பல எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். எண்கள் ஷீட்டுக்கான கோப்பில் இருக்கும், எழுத்துகள் பொதுவாக வேறொரு கோப்பில். எழுத்துரு, நிறம், எண் வடிவம் எல்லாம் ஸ்டைல்ஸ் என்ற மூன்றாவது கோப்பில் பட்டியலாக இருக்கும். செல்லிடம் இருப்பது 'என் தோற்றம் அந்தப் பட்டியலில் 5ஆவது' என்ற ஒரு எண் மட்டுமே. அதனால் ஒரு செல்லை இன்னொரு புத்தகத்துக்கு நகலெடுக்கும் முன், மதிப்பு, ஃபார்முலா, வடிவம், தோற்றம் ஆகியவற்றில் எதெல்லாம் கூடவே போக வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாதது எதுவும் போகாது.

இந்த வழிகாட்டியில் ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். மசாலாப் பொருள் வணிகம் ஒன்றின் கிளைகள் மாதந்தோறும் ஆளுக்கொரு விற்பனை ஒர்க்புக் அனுப்புகின்றன. ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் பில் எண், சி-யில் எச்எஸ்என், டி-யில் பொருள், இ-யில் அளவு, எஃப்-இல் விலை, ஜி-யில் தொகை. தொகை என்பது அளவையும் விலையையும் பெருக்கும் ஃபார்முலா. எல்லாவற்றையும் 'மொத்தம்' என்ற ஒரே ஒர்க்புக்கில் சேர்க்க வேண்டும். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ஸ்கிரிப்டில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்து பெரிய எழுத்து பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

எந்தக் கருவி

இந்த வேலைக்கு, எக்செல் கோப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஓப்பன்பைஎக்செல் என்ற பைத்தான் நூலகம் போதும். 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்பைஎக்செல்' என்ற ஒரே வரியில் வந்துவிடும், கணினியில் எக்செல் இருக்க வேண்டியதில்லை. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பை இது திறக்காது. அதைப் படிக்க எக்ஸ்எல்ஆர்டி என்ற இன்னொரு நூலகம் வேண்டும். எக்ஸ்எல்ஆர்டியின் 2.0 பதிப்பிலிருந்து நிலைமை தலைகீழ்: அது எக்ஸ்எல்எஸ் கோப்பை மட்டுமே படிக்கும், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பைத் தொடாது.

பழைய வடிவத்தில் சேமிக்கும் எண்ணமே வேண்டாம். ஒரு எக்ஸ்எல்எஸ் ஷீட்டில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளை இந்தப் பழைய வடிவத்துக்கு மாற்றியபோது வரம்பைத் தாண்டிய வரிசைகள் சத்தமில்லாமல் விடுபட்டன. 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போனது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576 வரிசைகளும் 16,384 நெடுவரிசைகளும் கொள்ளும்.

மதிப்பை மட்டும் நகலெடுப்பது

முதலில் இரண்டு ஒர்க்புக்கையும் வேறொரு ஃபோல்டரில் பிரதி எடுத்து வையுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வது அல்ல. ஓப்பன்பைஎக்செல் தனக்குப் புரிந்ததை மட்டுமே திரும்பச் சேமிக்கும். ஷீட்டில் யாராவது வரைந்து வைத்த அம்புக்குறி, கட்டம் போன்ற ஷேப்புகள், ஒருமுறை திறந்து சேமித்தாலே காணாமல் போகும். மேக்ரோ உள்ள எக்ஸ்எல்எஸ்எம் கோப்பைத் திறக்கும்போது 'கீப்_விபிஏ' என்பதை ட்ரூ என்று கொடுக்காவிட்டால் மேக்ரோவும் போய்விடும்.

கோப்பின் பாதையை எழுதும்போதே விண்டோஸில் பலர் தடுக்கி விழுவார்கள். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைப் பின்சாய்வுக் கோட்டோடு அப்படியே எழுதினால், பின்சாய்வும் அடுத்து வரும் பெரிய 'யு' எழுத்தும் சேர்ந்து யூனிகோட் குறியீட்டின் தொடக்கம் என்று பைத்தான் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்பே பிழை வரும். மேற்கோள் குறிக்கு முன்னால் சிறிய 'ஆர்' எழுத்தைப் போடுங்கள், அல்லது பாதை முழுவதும் முன்சாய்வுக் கோட்டைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் இரண்டையும் ஏற்கும்.

கிளையின் ஒர்க்புக்கை 'லோட்_ஒர்க்புக்' கட்டளையில் 'டேட்டா_ஒன்லி=ட்ரூ' என்று சேர்த்துத் திறங்கள். அப்போது ஜி நெடுவரிசையில் ஃபார்முலாவுக்குப் பதில் அதன் விடை கிடைக்கும். 'மொத்தம்' ஒர்க்புக்கை ஒருபோதும் அப்படித் திறக்காதீர்கள். அப்படித் திறந்து சேமித்தால் அதிலுள்ள ஃபார்முலாக்கள் எல்லாம் வெறும் எண்களாக உறைந்துவிடும், மீட்க வழியில்லை.

ஷீட்டைப் பெயர் சொல்லி எடுங்கள். பல பாடங்களில் சொல்லித்தரும் 'ஆக்டிவ்' என்ற குறுக்குவழி, கடைசியாகச் சேமித்தபோது எந்த ஷீட் முன்னால் இருந்ததோ அதைத் தரும். கிளையில் ஒருவர் 'குறிப்பு' ஷீட்டைப் பார்த்துக்கொண்டே சேமித்தால், அந்த மாதம் குறிப்புகள்தான் உங்கள் விற்பனைக் கணக்கில் வந்து உட்காரும்.

பிறகு 'ஐட்டர்_ரோஸ்' கட்டளையில் 'மின்_ரோ=2' கொடுத்து, தலைப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு வரிசையாக எடுத்து, இலக்கு ஷீட்டின் 'செல்' கட்டளைக்கு வரிசை எண், நெடுவரிசை எண், மதிப்பு மூன்றையும் கொடுங்கள். பைத்தான் பட்டியல்கள் 0-இல் தொடங்கும். இங்கே வரிசையும் நெடுவரிசையும் 1-இல் தொடங்கும், 0 கொடுத்தால் பிழை.

எந்த வரிசையிலிருந்து எழுதுவது என்பதில் ஒரு குழி உண்டு. 'மேக்ஸ்_ரோ' என்பது தரவு உள்ள கடைசி வரிசை அல்ல, கோப்பில் ஏதாவது ஒரு செல் பதிவாகியிருக்கும் கடைசி வரிசை. யாராவது 1000 வரிசைகளுக்குக் கட்டம் போட்டு வைத்திருந்தால், தரவு 40 வரிசைதான் இருந்தாலும் விடை 1000 என்றே வரும். 'அப்பெண்ட்' கட்டளையும் அதே இடத்துக்குக் கீழேதான் எழுதும். 'தரவு எதுவும் வரவில்லை' என்று தோன்றினால் ஷீட்டின் அடியில் 1001ஆவது வரிசையில் போய்ப் பாருங்கள். சரியான வழி: பில் எண் நெடுவரிசையில் 'மேக்ஸ்_ரோ'வில் தொடங்கி மேல்நோக்கி வந்து, காலியில்லாத முதல் செல்லில் நில்லுங்கள். அதற்கு அடுத்த வரிசைதான் எழுத வேண்டிய இடம்.

தேதியும் சுழியமும்

தேதி உள்ள செல்லைப் படித்தால் பைத்தானின் தேதிநேரப் பொருளாகக் கிடைக்கும். அதைப் புதிய செல்லில் எழுதினால் ஓப்பன்பைஎக்செல் தானாகவே ஒரு வடிவம் கொடுக்கும்: ஆண்டு, மாதம், நாள், அதோடு மணி நிமிடம் நொடி. 01-04-2024 என்று இருந்தது, நீளமாக நள்ளிரவு நேரத்தோடு தெரியும். நெடுவரிசை குறுகலாக இருந்தால் வெறும் '####' தெரியும். தரவு கெடவில்லை. மதிப்பை எழுதிய பிறகு மூல செல்லின் 'நம்பர்_ஃபார்மேட்' மதிப்பையும் இலக்கு செல்லுக்குக் கொடுத்தால் சரியாகிவிடும். அது வெறும் எழுத்துச் சரம், நேராக அப்படியே கொடுக்கலாம். வேறு எந்த அலங்காரத்தை விட்டாலும் இந்த ஒன்றை விடாதீர்கள்.

தேதி போலத் தெரியும் எழுத்துதான் இதைவிடத் தொல்லை. அமெரிக்க முறையில் அமைத்த கணினியில் 05/04/2024 என்று தட்டினால் எக்செல் அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2024 என்று தட்டினால் 13ஆவது மாதம் இல்லை என்பதால் எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் 12 வரையிலான நாள்கள் மாதத்தோடு இடம் மாறியும், 13 முதல் எழுத்தாகவும் கிடந்தால் காரணம் இதுதான். ஏ நெடுவரிசையின் ஒவ்வொரு மதிப்பும் தேதிப் பொருள்தானா என்று ஸ்கிரிப்ட் சோதிக்கட்டும். ஒன்றாவது எழுத்தாக இருந்தால் அந்தக் கோப்பை நிறுத்திவைத்துக் கிளைக்குத் திருப்பி அனுப்புவதே நல்லது. எழுத்தாகக் கிடப்பதை மட்டும் தேதியாக மாற்றினால், இடம் மாறிய மற்ற தேதிகள் தவறாகவே உள்ளே வந்துவிடும்.

எச்எஸ்என் குறியீட்டை எண்ணாக வைத்திருப்பதைவிட எழுத்தாக மாற்றி எழுதுவது பாதுகாப்பு. வடிவத்தை நம்பியிருந்தால் அடுத்த முறை யாரோ நகலெடுக்கும்போது சுழியம் மீண்டும் தொலையும். எல்லாவற்றையும் நான்கு இலக்கமாக நிரப்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். சிலர் 090411 என்று ஆறு இலக்கம் எழுதுவார்கள், அது 90411 என்று வந்திருக்கும். எச்எஸ்என் குறியீடு எப்போதும் இரட்டைப்படை இலக்கங்கள் கொண்டது என்பதால் வழி எளிது: இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் முன்னால் ஒரு சுழியம் சேருங்கள்.

வங்கிக் கணக்கு எண் போன்ற நீண்ட எண்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் அப்போதே சுழியமாகிவிடும். பைத்தான் கைக்கு வரும்போது அது ஏற்கெனவே தொலைந்த ஒன்று.

ஃபார்முலா

'டேட்டா_ஒன்லி' கொடுத்தால் கிடைக்கும் விடையை ஓப்பன்பைஎக்செல் கணக்கிடுவதில்லை. எக்செல் கடைசியாகச் சேமித்தபோது ஃபார்முலாவின் பக்கத்தில் எழுதி வைத்த விடையை எடுத்துத் தருகிறது. பில் போடும் மென்பொருள் நேரடியாக உருவாக்கி, எக்செல்லில் ஒருமுறையும் திறக்கப்படாத கோப்பில் அந்த விடை இருக்காமல் போகலாம். அப்போது தொகை நெடுவரிசை முழுவதும் 'நன்' என்ற வெற்று மதிப்பாக வரும். கோப்பை எக்செல்லில் திறந்து சேமித்தால் தீரும். கோப்புகள் நிறைய இருந்தால் லிப்ரெஆபீஸைத் திரையில்லா முறையில் ஓட்டி எல்லாவற்றையும் மீண்டும் எக்ஸ்எல்எஸ்எக்ஸாக மாற்றலாம். மாற்றும்போது விடைகளும் கணக்காகிப் பதிவாகும்.

ஃபார்முலாவையே கொண்டுபோக வேண்டுமானால் கூடுதல் கவனம் தேவை. எக்செல்லில் கையால் நகலெடுக்கும்போது செல் முகவரிகள் தாமாக நகரும். ஓப்பன்பைஎக்செல் ஃபார்முலாவை வெறும் எழுத்தாகவே பார்க்கிறது. மூலத்தின் 2ஆவது வரிசையில் இருக்கும் 'இ2 பெருக்கல் எஃப்2', இலக்கின் 57ஆவது வரிசைக்குப் போனாலும் இ2, எஃப்2 என்றே இருக்கும். பிழைச் செய்தி வராது. ஒவ்வொரு வரிசையிலும் வேறெங்கோ உள்ள விலையைப் பெருக்கிய தொகை நிற்கும், மொத்தமும் நம்பும்படியாகவே இருக்கும். இந்த வகைப் பிழை மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போகக் கூடியது.

இதற்கென்றே ஓப்பன்பைஎக்செல்லின் ஃபார்முலா பகுதியில் 'டிரான்ஸ்லேட்டர்' இருக்கிறது. ஃபார்முலாவையும் அது முதலில் இருந்த ஜி2 என்ற முகவரியையும் கொடுத்து, 'டிரான்ஸ்லேட்_ஃபார்முலா' கட்டளையில் ஜி57 என்ற புது முகவரியைச் சொன்னால், உள்ளே இருப்பவை இ57, எஃப்57 என்று மாறிக் கிடைக்கும். டாலர் குறி போட்டுப் பூட்டிய முகவரிகள் நகராது, அது சரிதான்.

வேறு ஷீட்டைக் குறிப்பிடும் ஃபார்முலாவை இது காப்பாற்றாது. 'விலைப்பட்டியல்' ஷீட்டிலிருந்து விலை எடுக்கும் ஃபார்முலாவை, அந்த ஷீட் இல்லாத புத்தகத்தில் வைத்தால் வேலை செய்யாது. அதே பெயரில் வேறொரு ஷீட் அங்கே இருந்தால் இன்னும் மோசம், தவறான விலையை எடுத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். தொகுப்புப் புத்தகத்துக்குப் போகும் தரவு மதிப்பாகவே போகட்டும் என்பதே எங்கள் பரிந்துரை. முடிந்துபோன மாதத்தின் விற்பனைக்கு உயிருள்ள ஃபார்முலா தேவையில்லை.

தோற்றம், இணைத்த செல், அகலம்

'காப்பி_ஒர்க்ஷீட்' என்ற கட்டளையைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். அது ஒரே ஒர்க்புக்குக்குள் மட்டுமே செல்லும். புத்தகம் விட்டுப் புத்தகம் தாண்டாது.

எழுத்துரு, கரை, நிரப்பு நிறம், சீரமைப்பு, பூட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத்தான் கொண்டுபோக வேண்டும். நேரடியாகச் சமன்படுத்தினால் 'ஸ்டைல்ப்ராக்ஸி' என்ற சொல்லோடு பிழை வரும். பைத்தானோடு வரும் 'காப்பி' தொகுதியிலிருந்து 'காப்பி'யை எடுத்து, அதன் வழியாக ஒவ்வொன்றையும் பிரதி எடுத்துக் கொடுங்கள். இணையத்தில் கிடைக்கும் சில ஸ்கிரிப்டுகள் அடிக்கோடில் தொடங்கும் 'ஸ்டைல்' என்ற உள்பண்பை ஒரே வரியில் நகலெடுக்கும். வேகமாக ஓடும், ஆனால் அது ஒரே புத்தகத்துக்குள் மட்டும் சரி. முதலில் சொன்ன பட்டியல் எண்ணை நினைவில் கொள்ளுங்கள்: ஒரு புத்தகத்தில் 5 என்பது மஞ்சள் நிரப்பாக இருக்கலாம், இன்னொன்றில் சிவப்புத் தடித்த எழுத்தாக இருக்கலாம், அல்லது 5 என்ற இடமே இல்லாமலும் போகலாம்.

இணைத்த செல்களில் மேல் இடது மூலைதான் மதிப்பை வைத்திருக்கும். மற்றவற்றில் எழுத முயன்றால், மதிப்பு படிக்க மட்டுமே என்று 'மெர்ஜ்டுசெல்' பிழை வரும். அதனால் எல்லா மதிப்புகளையும் எழுதி முடித்த பிறகே, மூலத்தின் 'மெர்ஜ்டு_செல்ஸ்' பட்டியலை எடுத்து இலக்கில் 'மெர்ஜ்_செல்ஸ்' செய்யுங்கள்.

நெடுவரிசை அகலத்தை 'காலம்_டைமென்ஷன்ஸ்' வழியாக எடுக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் ஒரே அகலம் கொண்ட நெடுவரிசைகளை எக்செல் ஒரே தொகுதியாகச் சேமிப்பதால், முதல் எழுத்துக்கு மட்டும் சரியான அகலம் கிடைத்து மற்றவற்றுக்கு இயல்பு அகலமே கிடைக்கும். முதல் நெடுவரிசையின் 'மின்', 'மேக்ஸ்' மதிப்புகளைப் பார்த்தால் அந்தத் தொகுதி எதுவரை என்று தெரியும். நிபந்தனை வடிவமும் கீழ்விரி பட்டியலும் செல்லோடு ஒட்டியவை அல்ல, ஷீட்டோடு ஒட்டியவை. செல் செல்லாக நகலெடுத்தால் அவை வராது.

ஷீட்டை அச்சு அசலாக, சார்ட் உட்பட கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் எக்ஸ்எல்விங்ஸ் என்ற நூலகத்தை எடுங்கள். அது கணினியில் உள்ள எக்செல்லையே இயக்கும். ஷீட்டின் 'காப்பி' கட்டளைக்கு இன்னொரு ஒர்க்புக்கின் ஷீட்டைக் காட்டினால் எக்செல் தானே நகலெடுத்து வைக்கும். வேறு ஷீட்டைக் குறிக்கும் ஃபார்முலாக்கள் அப்போது மூலப் புத்தகத்தின் பெயரைச் சதுர அடைப்புக்குள் தாங்கி வரும். மூலக் கோப்பை நகர்த்திய நாளில் அந்த இணைப்பு அறும்.

பல கோப்புகளைச் சேர்க்கும்போது

ஃபோல்டரில் உள்ள எல்லா எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளையும் பைத்தானோடு வரும் 'க்ளோப்' தொகுதி எடுத்துத் தரும். அதில் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் நிற்கும் கோப்புகளைத் தவிருங்கள். யாரோ எக்செல்லில் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது எக்செல் போடும் பூட்டுக் கோப்பு அது. உண்மையான ஒர்க்புக் இல்லை என்பதால் ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் விழும்.

நெடுவரிசையை இடத்தைக் கொண்டு எடுக்காமல் தலைப்பைக் கொண்டு எடுங்கள். ஒரு கிளை நடுவில் 'தள்ளுபடி' என்று ஒரு நெடுவரிசையைச் செருகினால் போதும், விலை இருக்க வேண்டிய இடத்தில் தள்ளுபடி வந்து நிற்கும். தலைப்புகளை ஒப்பிடும் முன் முன்பின் இடைவெளிகளை 'ஸ்ட்ரிப்' கொண்டு நீக்குங்கள். தமிழ்த் தலைப்பாக இருந்தால் இன்னொரு படியும் தேவை. 'தொகை' என்ற சொல்லின் 'தொ' இரண்டு விதமாகப் பதிவாகலாம்: ஒகரக் குறியாக ஒரே குறியீட்டில், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைத்தானுக்கு வேறு வேறு. 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' கட்டளையில் என்எஃப்சி என்ற சீர்வடிவத்தின் பெயரைக் கொடுத்து இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இன்னும் வரத்தான் செய்கின்றன. அவற்றின் செல்லில் இருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. மதிப்பை மட்டும் நகலெடுத்தால் பொருள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துகள் நிற்கும். எழுத்துருவையும் சேர்த்து நகலெடுத்தால் கண்ணுக்குச் சரியாகும், ஆனால் தேடலிலும் ஒப்பிடுதலிலும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுச் சேர்ப்பதே வழி. செல்லின் எழுத்துருப் பெயரைப் படித்து, எந்தக் கோப்புக்கு மாற்றம் தேவை என்று ஸ்கிரிப்டையே கண்டுபிடிக்கச் செய்யலாம்.

கிளைக்கு ஒரு ஷீட் உருவாக்குவதானால் பெயர் 31 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். 'மொத்த விற்பனை' என்பதே 13 ஆகிவிடும். பெயரில் சாய்வுக்கோடு கூடாது, ஆகவே 01/04/2024 என்ற ஷீட் பெயர் பிழை தரும்.

கோப்பு பெரிதாக இருந்தால் நினைவகம் திணறும். மூலக் கோப்பைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு நினைவகம் தேவைப்படும் என்று ஓப்பன்பைஎக்செல்லின் ஆவணமே சொல்கிறது, 50 எம்பி கோப்புக்கு 2.5 ஜிபி. அப்போது 'ரீட்_ஒன்லி' முறையில் திறந்து 'ஐட்டர்_ரோஸ்' வழியாக மட்டும் படியுங்கள். அந்த முறையில் தனித்தனி செல்லாக எட்டிப் பிடித்தால் மிக மெதுவாகும். சில மென்பொருள்கள் உருவாக்கும் கோப்பில் ஷீட்டின் அளவு தவறாகப் பதிவாகியிருக்கும், ஒரே ஒரு வரிசை வந்து நின்றுவிடும். 'ரீசெட்_டைமென்ஷன்ஸ்' அழைத்த பிறகு படித்தால் முழுவதும் வரும். முடிந்ததும் 'க்ளோஸ்' செய்யுங்கள்.

பாண்டாஸில் செய்தால்

வடிகட்டுவது, கூட்டுவது என்று நடுவில் வேலை இருந்தால், அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் என்ற நூலகம் வசதி. படிக்கும்போதே குறியீட்டு நெடுவரிசைகளுக்கு 'டிடைப்' எழுத்து என்று கொடுங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு செல் காலியாக இருந்தாலும் பில் எண் 101 என்பது 101.0 ஆகும். சேமிக்கும்போது 'இண்டெக்ஸ்=ஃபால்ஸ்' கொடுக்காவிட்டால் ஏ நெடுவரிசையில் 0, 1, 2 என்று எண்கள் ஏறி எல்லாம் ஒரு இடம் வலப்பக்கம் தள்ளும். இருக்கும் 'மொத்தம்' புத்தகத்தில் எழுத 'எக்செல்ரைட்டர்' முறையை 'ஏ' என்று கொடுங்கள். சும்மா விட்டால் பழைய கோப்பு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். இருக்கும் ஷீட்டிலேயே சேர்க்க 'இஃப்_ஷீட்_எக்ஸிஸ்ட்ஸ்' என்பதை 'ஓவர்லே' ஆக்கி, தொடங்க வேண்டிய வரிசையையும் சொல்லுங்கள்.

சேமிக்கும் முன்

ஒவ்வொரு கிளைக் கோப்பிலும் படித்த வரிசைகளின் எண்ணிக்கையும் தொகையின் கூட்டலும், இலக்கில் எழுதியவற்றின் எண்ணிக்கையும் கூட்டலும் பொருந்துகின்றனவா என்று ஸ்கிரிப்டையே பார்க்கச் சொல்லுங்கள். தசம எண்களின் கூட்டல் கடைசி இலக்கங்களில் சிறிது விலகும் என்பதால் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கி ஒப்பிடுங்கள். கூடுதலாக ஒரு நெடுவரிசை வைத்து, எந்தக் கோப்பின் எந்த வரிசையிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். பின்னால் ஒரு தொகை இடித்தால், முப்பது கோப்புகளைத் திறந்து தேட வேண்டியிருக்காது.

எல்லாம் பொருந்திய பிறகு புதிய பெயரில் சேமியுங்கள், தேதியைப் பெயரிலேயே சேர்த்து. 'பெர்மிஷன்எரர்', எண் 13 என்று வந்தால் பெரும்பாலும் உரிமைப் பிரச்சினை இல்லை: அந்தப் பெயருள்ள கோப்பு எக்செல்லில் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.